வரலாறு சொல்வதும் விசுவாசம் சொல்வதும்

பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் வட்டமாக அமர்ந்து நாங்கள் நண்பகல் உணவு உண்டுகொண்டிருந்த ஒரு நாளில்தான் இக்கட்டுரைக்கு வித்து விழுந்தது. அன்று காலை வரலாற்று ஆசிரியை மாமன்னர் அசோகரைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். பாறைகளிலும் தூண்களிலும் பெரும்பாலும் 'தேவனாம்பிரியன்' என்ற பட்டப் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது என்றும், அவ்வெழுத்துகளை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார் என்றும், 1915-இல் மஸ்கி என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்ற பெயரும் சேர்ந்து காணப்பட்டதால் அந்தத் தேவனாம்பிரியன் அசோகரே என்பது உறுதியாயிற்று என்றும் அவர் விளக்கியிருந்தார்.

எங்கள் வட்டத்தில் இந்து சமயத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி உண்டு. அவள் கேலிக்காக அன்று, அறியும் ஆவலால் கேட்டாள்: "அசோகருக்குக் கல்வெட்டு இருக்கிறது. உங்கள் இயேசு உண்மையிலேயே வாழ்ந்தார் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது?"

"பைபிளில் எழுதியிருக்கிறதே!" என்றோம்.

"அதை எழுதியவர்கள் அவரை நம்பியவர்கள்தாமே? நான் வெளியார் சான்றைக் கேட்கிறேன்" என்றாள்.

எங்களுக்கு நா எழவில்லை. சிறிது நேரம் கழித்து எங்களுள் ஒருத்தி, "பிலாத்து உரோமைப் பேரரசருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இயேசுவின் புதுமைகள் எல்லாம் அதில் இருக்கின்றன" என்றாள். வீட்டில் இருந்த பழைய பக்திப் புத்தகம் ஒன்றில் அவள் அதைப் படித்திருந்தாள். "அப்படியா!" என்று தோழி வியந்தாள். நாங்கள் வென்றுவிட்டதாக எண்ணி மகிழ்ந்தோம்.

மறைக்கல்வி வகுப்பில் இதனை அருட்சகோதரியிடம் பெருமையோடு கூறினோம். அவர் புன்னகை செய்யவில்லை. "அந்தக் கடிதம் பிலாத்து எழுதியதன்று. அவர் காலத்துக்கு நெடுநாள் கழித்து யாரோ ஒருவர் அவர் பெயரால் புனைந்தது" என்றார். பிறகு, "எட்டாவது கட்டளை யாது?" என்று கேட்டார். பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை அது. எவரும் விடை கூறவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அறியாமற் சொன்னதாயினும், நம் ஆண்டவரின் பெயரால் ஒரு தோழியிடம் பொய்யைச் சொல்லிவிட்டோம். அதைத் திருத்த வேண்டுமானால் உண்மை எதுவென்று முதலில் நாம் அறிய வேண்டும். ஆகவே அருட்சகோதரியின் சொற்படி நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் வரைந்தோம். கிறிஸ்தவர், யூதர், கடவுளை நம்பாதவர் ஆகிய எவரும் சான்றுகளை ஆய்ந்தபின் ஏற்கக்கூடியவை முதற் கட்டத்தில். அறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருப்பவை இரண்டாம் கட்டத்தில். விசுவாசத்தால் மட்டுமே ஏற்கத்தக்கவை மூன்றாம் கட்டத்தில். ஒரு கட்டத்துக்கு உரியதை மற்றொன்றில் எழுதலாகாது என்பதே விதி. விடுமுறை நாட்களிலும் நூலகத்தில் அமர்ந்து அக்கட்டங்களை நிரப்பினோம். அதன் பயனை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

வெளியார் கூறும் சான்று

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். அசோகர் பேரரசர், பாறையில் பொறிக்க ஆணையிட அவரால் முடிந்தது. இயேசுவோ கலிலேயா நாட்டின் ஒரு சிற்றூரில் தச்சு வேலை செய்த குடும்பத்தினர். ஏழைகளுக்கு யார் கல்வெட்டு வெட்டினார்கள்? நம் பாட்டியின் பாட்டிக்குக் கல்வெட்டு ஏது? அதனால் அவர் வாழவில்லை என்று கூறுவோமா? ஆகவே இயேசு தம் வாழ்நாளில் செதுக்கிய கல் எதுவும் இல்லாதது வியப்பன்று. அவருக்குப் பின் வந்தவர்களின் எழுத்தில் அவரைப் பற்றிய செய்தி எவ்வாறு காணப்படுகிறது என்பதே கேள்வி.

உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 116-ஐ ஒட்டி எழுதிய நூலில், கி.பி. 64-இல் உரோமை நகரம் தீப்பற்றி எரிந்ததையும், நீரோ மன்னன் அப்பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் சுமத்தி அவர்களைக் கொடுமைப்படுத்தியதையும் விவரிக்கின்றார். அவர்களுக்கு அப்பெயர் வரக் காரணமான கிறிஸ்து என்பவர், திபேரியு பேரரசரின் காலத்தில் போஞ்சு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்றும் கூறுகின்றார். டாசிட்டஸ் கிறிஸ்தவர்களுக்கு நண்பரல்லர். அவர்களுடைய மறையைக் கேடுள்ள மூடநம்பிக்கை என்றே இகழ்கின்றார். புகழ வேண்டிய தேவையே இல்லாத ஒருவரின் கூற்று என்பதால் இதற்கு மதிப்பு மிகுதி. எனினும், இயேசு இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் இதை எழுதியவர், செய்தி தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கூறவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது.

கி.பி. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வட பகுதியில் ஆளுநராயிருந்த பிளினி என்பவர் டிராஜன் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகின்றனர் என்று அதில் தெரிவிக்கின்றார். உண்மையை அறிவதற்காகத் திருச்சபையில் பணிபுரிந்த அடிமைப் பெண்கள் இருவரைத் தாம் சித்திரவதை செய்ததையும் அவரே எழுதுகின்றார். அப்பெண்களின் பெயர்களை அவர் குறிக்கவில்லை. ஆயினும், கிறிஸ்தவர்களைப் பற்றி வெளியார் எழுதிவைத்த முதற் சான்றுகளுள் ஒன்றில், வதையுண்ட இரு பெண்கள் இடம் பெற்றிருக்கின்றனர் என்பதைப் படித்தபோது எங்கள் மேசையில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

ஜோசிபஸ் தந்த பாடம்

யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கி.பி. 37-இல் பிறந்தவர். கி.பி. 93-ஐ ஒட்டி முடித்த யூதர்களின் பழங்கால வரலாற்றில் அவர் இயேசுவை இரண்டு இடங்களில் குறிப்பிடுகின்றார். ஓரிடத்தில், கி.பி. 62-இல் எருசலேமில் கொல்லப்பட்ட யாகப்பரைப் பற்றிச் சொல்லும்போது, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் என்று அவரை அடையாளம் காட்டுகின்றார். இக்குறிப்பை அறிஞர் மிகப் பெரும்பாலோர் உண்மையென ஏற்கின்றனர்.

மற்றோரிடத்தில்தான் சிக்கல் உள்ளது. அங்கே இயேசு ஞானமுள்ளவர் என்றும், வியத்தகு செயல்கள் செய்தவர் என்றும், பிலாத்து அவரைச் சிலுவைக்குத் தீர்ப்பிட்டார் என்றும் காணப்படுகின்றது. அத்துடன் அவரே மெசியா என்றும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் இன்றைய படிகளில் இருக்கின்றது. இதைக் கண்டதும் நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஆனால் ஜோசிபஸ் இறுதிவரை யூதராகவே வாழ்ந்தவர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் என்னும் கிறிஸ்தவ அறிஞரே, ஜோசிபஸ் இயேசுவை மெசியாவாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கின்றார். அப்படியானால் அந்த அறிக்கை ஜோசிபஸின் வாக்காக எப்படி இருக்க முடியும்? அவர் எழுதிய சுருக்கமான குறிப்போடு, நூலைப் படியெடுத்த கிறிஸ்தவர் ஒருவர் பிற்காலத்தில் தம் விசுவாசத்தையும் சேர்த்து எழுதிவிட்டார் என்பதே அறிஞர் பலரின் முடிவு.

அந்தப் படியெடுத்தவர் கெட்டவராய் இருந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தோழிக்குப் பிலாத்துவின் கடிதத்தைச் சொன்னவளைப் போல, ஆண்டவர்மேல் கொண்ட அன்பினாலேயே அவர் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் விளைவு யாது? நமக்குக் கிடைத்த ஓர் அரிய வெளியார் சான்றின்மேல் இன்று ஐயத்தின் நிழல் படிந்துவிட்டது. வலுவூட்ட எண்ணிச் செய்தது வலுவிழக்கச் செய்துவிட்டது. பாலில் நீரைக் கலந்தவன் பாலின் அளவைக் கூட்டுகிறான். ஆனால் அதன்பின் அவன் நல்ல பாலைக் கொண்டுவந்தாலும் எவரும் நம்புவதில்லை அன்றோ?

கல்லும் எலும்பும்

1961-இல் பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள செசரியாவில் இத்தாலிய அகழ்வாராய்ச்சியாளர்கள் பழைய அரங்கம் ஒன்றைத் தோண்டினர். பிற்காலத்தில் படிக்கல்லாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் திபேரியுவின் பெயரால் அமைந்த கட்டடத்தைப் பற்றிய இலத்தீன் எழுத்துகள் இருந்தன. பிலாத்துவின் பெயரும் யூதேயா நாட்டின் ஆளுநர் என்ற அவருடைய பதவியும் அதில் காணப்பட்டன. மஸ்கியின் கல் அசோகருக்குச் செய்ததை இக்கல் பிலாத்துவுக்குச் செய்தது எனலாம். டாசிட்டஸ் அவருக்கு வேறொரு பதவிப் பெயரைக் கொடுத்திருக்க, சரியான பெயரை இக்கல்லே நமக்குக் காட்டியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில், எலும்புகளை இட்டுவைக்கும் கற்பேழை ஒன்று கிடைத்தது. அதில் யோகனான் என்ற பெயர் இருந்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி ஒன்று பாய்ந்தபடியே நின்றது. உரோமையர் ஆணி அடித்துச் சிலுவையில் கொன்றனர் என்பதற்கும், அப்படிக் கொல்லப்பட்டவரின் உடலைச் சில வேளைகளில் உறவினர் அடக்கம் செய்ய முடிந்தது என்பதற்கும் அது கண்கூடான சான்று.

இவ்விடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். செசரியாவின் கல் பிலாத்து வாழ்ந்தார் என்று காட்டுகிறது. இயேசுவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குதிகால் எலும்பு யோகனானுடையது; இயேசுவினுடையது அன்று. இவை நற்செய்தி விவரிக்கும் உலகம் உண்மையான உலகம் என்று காட்டுகின்றன. அதற்குமேல் அவற்றைப் பேசச் செய்தால், அது நாம் பேசுவதேயன்றிக் கல் பேசுவதன்று.

உள்ளிருந்து வரும் சான்று

நம்பியவர்கள் எழுதியது என்பதற்காக ஒரு நூலை வரலாற்றாசிரியர் ஒதுக்கிவிடுவதில்லை. விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அதில் ஈடுபட்டவர்கள் எழுதியதை நாம் ஒதுக்குகிறோமா? எழுதியவரின் நோக்கத்தை அறிந்து, அளந்து ஏற்கிறோம். புதிய ஏற்பாட்டையும் வரலாற்றாசிரியர் அவ்வாறே நோக்குகின்றனர்.

அதில் காலத்தால் முந்தியவை நற்செய்திகள் அல்ல. புனித சின்னப்பரின், அதாவது பவுலின், திருமுகங்கள். தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய முதல் திருமுகம் கி.பி. 50-ஐ ஒட்டியது. அவர் கொரிந்து நகரில் கல்லியோன் என்னும் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டதாகத் திருத்தூதர் பணி கூறுகிறது. கல்லியோனைக் குறிக்கும் கல்வெட்டு கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் கிடைத்தது. அதைக்கொண்டு அவர் ஆண்ட காலம் கி.பி. 51-ஐ ஒட்டியது எனக் கணிக்கின்றனர். சின்னப்பர் தம் மனமாற்றத்தின்பின் மூன்று ஆண்டுகள் கழித்து எருசலேம் சென்று, இராயப்பரோடு பதினைந்து நாட்கள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட யாகப்பரைச் சந்தித்ததையும் கலாத்தியருக்கு எழுதும்போது குறிப்பிடுகின்றார். போகிற போக்கில் சொன்ன இச்செய்தியை வரலாற்றாசிரியர்கள் பெரிதாக மதிக்கின்றனர். இயேசுவோடு உண்டு உறங்கியவரையும், அவர் உறவினரையும் நேரில் கண்டு பேசியவரின் கையெழுத்தன்றோ இது? இயேசு ஒரு கற்பனை மனிதர் என்று கூறுவோர் இதற்கு விடை கூற இடர்ப்படுகின்றனர்.

நற்செய்திகளுள் மாற்கு எழுதியது முந்தியது, கி.பி. 70-ஐ ஒட்டியது என்பர். மத்தேயு, லூக்காஸ் நற்செய்திகள் அதன்பின் பத்து இருபது ஆண்டுகளிலும், அருளப்பர் நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதியிலும் தோன்றின என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. இவற்றை ஆய்வோர் சில அளவுகோல்களைக் கையாளுகின்றனர். ஒன்றையொன்று பாராத சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறினால் அது வலுவானது. எழுதியவருக்கே சங்கடம் தரும் செய்தியாயின் அதை அவர் புனைந்திருக்கமாட்டார். இயேசு ஸ்நாபக அருளப்பரிடம் ஞானஸ்நானம் பெற்றது, தலைமைச் சீடர் அவரை மறுதலித்தது, அடிமைகளுக்கும் கலகக்காரர்க்கும் உரிய இழிவான சாவை அவர் அடைந்தது ஆகியவை இத்தகையன. தம் தலைவரைப் பெருமைப்படுத்தக் கதை கட்டுகிறவர் இவற்றையா கட்டுவார்?

இவ்வாறு எங்கள் முதற் கட்டம் நிரம்பியது. கலிலேயாவின் நாசரேத்தூரைச் சேர்ந்த இயேசு என்னும் யூதர் ஒருவர் வாழ்ந்தார், ஸ்நாபக அருளப்பரிடம் ஞானஸ்நானம் பெற்றார், இறையரசைப் பற்றிப் போதித்தார், நோய் தீர்ப்பவர் எனப் பெயர் பெற்றார், சீடர்களைச் சேர்த்தார், பிலாத்துவின் ஆட்சியில் எருசலேமில் சிலுவையில் அறையுண்டு இறந்தார். அவர் உயிர்த்தெழுந்து தங்களுக்குத் தோன்றினார் என்று அவருடைய சீடர்கள் விரைவிலேயே அறிவிக்கத் தொடங்கினர். கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் இதை ஏற்கின்றனர்.

வாதத்துக்கு உரியவை

இரண்டாம் கட்டம் எங்களுக்குச் சிறிது அச்சத்தைத் தந்தது. இயேசு பிறந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 525-இல் உரோமையில் வாழ்ந்த தியொனீசியுஸ் என்னும் துறவி கணித்ததை ஒட்டியே நாம் ஆண்டுகளை எண்ணுகிறோம். ஆனால் ஏரோது மன்னன் ஆண்ட காலத்தில் இயேசு பிறந்தார் என்கிறார் மத்தேயு. அம்மன்னன் இறந்தது கி.மு. 4-இல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அப்படியாயின் கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளேனும் முன்னரே கிறிஸ்து பிறந்துவிட்டார் என்றாகிறது! கணக்கில் பிழை செய்தவர் துறவி; நற்செய்தியாளர் அல்லர்.

மற்றொன்று இதைவிடக் கடினமானது. குரேனியு சிரியாவை ஆண்டபோது எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்போது இயேசு பிறந்ததாக லூக்காஸ் எழுதுகின்றார். அவரே ஏரோதின் காலத்தையும் குறிக்கின்றார். ஆனால் குரேனியு எடுத்த கணக்கு கி.பி. 6-இல், ஏரோதின் மகன் பதவி நீக்கப்பட்டபின் நடந்ததென்று ஜோசிபஸின் நூலால் அறிகிறோம். இடையே பத்தாண்டு வேறுபாடு உள்ளது. இதைப் பொருத்திக் காட்டப் பலர் முயன்றுள்ளனர். எல்லாரும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. லூக்காஸ் ஆண்டைக் குழப்பிக்கொண்டார் என்று கத்தோலிக்க விவிலிய அறிஞர்கள் பலரும் தயங்காமல் கூறுகின்றனர்.

இராவுணவு பாஸ்கா விருந்தாக இருந்தது என்று முதல் மூன்று நற்செய்திகளும் கூற, பாஸ்கா விருந்துக்கு முன்னரே இயேசு இறந்தார் என்று அருளப்பர் எழுதுகின்றார். சிலுவையின்மேல் வைத்த குற்றப் பலகையின் சொற்களும் நான்கிலும் சிறிது சிறிது வேறுபடுகின்றன. ஆனால் யூதர்களின் அரசன் என்ற குற்றச்சாட்டு நான்கிலும் ஒன்றே. விவரங்களில் வேறுபட்டும் நடுப்பொருளில் ஒன்றுபட்டும் பேசுவது உண்மையான சாட்சிகளின் இயல்பு என்பதை நாம் வீட்டிலேயே அறிவோம். அக்காள் திருமணத்தை அத்தையும் சித்தியும் ஒன்றுபோலவா விவரிக்கிறார்கள்?

இப்படியெல்லாம் ஆராய்வது பாவமோ என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது. திருச்சபையே இதற்கு விடை தந்துள்ளது. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1943-இல் எழுதிய சுற்றுமடலில், பழங்கால மக்கள் எழுதிய முறைகளை அறிந்தே விவிலியத்தை ஆராய வேண்டும் என்று அறிஞர்களை ஊக்குவித்தார். 1964-இல் திருச்சபையின் விவிலியக் குழு நற்செய்திகள் மூன்று படிகளில் உருவாயின என்று விளக்கியது. இயேசு பேசியதும் செய்ததும் முதற்படி. உயிர்ப்பின் ஒளியில் சீடர்கள் போதித்தது இரண்டாம் படி. நற்செய்தியாளர்கள் அதிலிருந்து தெரிந்தெடுத்து, தம் மக்களின் தேவைக்கேற்ப எழுதியது மூன்றாம் படி. 1965 நவம்பர் 18-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இதையே உறுதிசெய்தது. ஆக, நற்செய்திகள் செய்தித்தாள் அறிக்கைகள் அல்ல; வாழ்ந்த ஒருவரைப் பற்றி விசுவாசத்தோடு கூறப்பட்ட சாட்சியங்கள்.

கல்லறையின் வாசலில்

இனி மூன்றாம் கட்டம். இயேசுவின் உயிர்ப்பை எதில் எழுதுவது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. "அது உண்மையில் நடந்தது. ஆகவே முதற் கட்டம்" என்றாள் ஒருத்தி. "நடந்ததா என்பதன்று கேள்வி. எந்த வழியாக அதை அறிகிறோம் என்பதே கேள்வி" என்றாள் மற்றொருத்தி. இருவரும் கண்கலங்கும் அளவுக்கு வாதிட்டபின் அருட்சகோதரியிடம் சென்றோம். அவர் அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார்.

'இயேசு உயிரோடு தங்களுக்குத் தோன்றினார் என்று சீடர்கள் உறுதியாக நம்பினர்; அதற்காகத் துன்பமும் ஏற்றனர்.' இது முதற் கட்டத்துக்கு உரியது. கொரிந்தியருக்கு எழுதும் சின்னப்பர், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகக் கூறி, உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகின்றார். அவ்வறிக்கை இயேசு இறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே உருவானதென்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

'இறைவன் இயேசுவைச் சாவினின்று எழுப்பினார்.' இது மூன்றாம் கட்டத்துக்கு உரியது. இறைவன் செயல்பட்டார் என்றோ, செயல்படவில்லை என்றோ அளந்து சொல்லும் கருவி வரலாற்றாசிரியரிடம் இல்லை. ஆகவே உயிர்ப்பை வரலாறு மெய்ப்பித்துவிட்டது என்று நாம் கூறுவதும் தவறு; பொய்யென்று காட்டிவிட்டது என்று மற்றவர் கூறுவதும் தவறு.

கல்லறைக்குச் சென்ற பெண்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எத்தனை பேர் சென்றனர் என்பதில் நற்செய்திகள் வேறுபடினும், மரிய மதலேனாளின் பெயர் நான்கிலும் உள்ளது. பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று ஜோசிபஸே எழுதியிருக்கும் காலம் அது. கதை கட்டுகிறவர் ஆண்களையே அன்றோ அங்கே நிறுத்தியிருப்பார்? அறிஞர் பலர் எடுத்துக்காட்டும் வாதம் இது. எங்களுக்கும் பிடித்த வாதம். ஆயினும் சின்னப்பரின் வரிசையில் அப்பெண்களின் பெயர் இல்லை என்று மறுப்போர் சுட்டுகின்றனர். ஆகவே மனத்துக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை இரண்டாம் கட்டத்திலேயே எழுதினோம்.

கலந்தால் வரும் கேடு

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதே மரிய மதலேனாளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். லூக்காஸ் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் பெயர் கூறப்படாத பாவியான ஒரு பெண் வருகின்றாள். எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மரிய மதலேனாளின் பெயர் வருகின்றது. இருவரும் ஒருத்தியே என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் கி.பி. 591-இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையில் இவ்விருவரையும், பெத்தானியா ஊர் மரியாளையும் ஒருவராகவே கொண்டார். அதன்பின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மேலைத் திருச்சபையில் படங்களிலும் நாடகங்களிலும் மறையுரைகளிலும் அவர் நடத்தை கெட்டவராகவே காட்டப்பட்டார். 1969-இல் வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அந்தக் கலப்பு நீங்கியது. 2016-இல் பாப்பரசர் பிரான்சிஸ், திருத்தூதர்களுக்கு உள்ளது போன்ற விழாச் சிறப்பை அவருடைய நாளுக்கு அளித்தார். எழுதியிருப்பது வேறு, பின்னர் சேர்ந்தது வேறு என்று பிரித்துப் பாராததால், உயிர்ப்பின் முதற் சாட்சியான ஒரு பெண் இத்தனை நூற்றாண்டுகள் அவதூறு சுமந்தார். எட்டாவது கட்டளை இறந்தவர்களையும் காக்கின்றது.

நமக்கு அருகிலேயே மற்றொரு சான்று உண்டு. திருத்தூதர் தோமையார் கி.பி. 52-இல் கேரளக் கரையில் வந்திறங்கினார் என்றும், கி.பி. 72-இல் மயிலாப்பூரில் வேதசாட்சியாக இறந்தார் என்றும் மரபு கூறுகின்றது. அவர் இந்தியாவுக்கு வந்ததைக் கூறும் 'தோமையார் பணிகள்' என்னும் நூல் மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்தது. அதில் வரும் கொந்தோபார் என்னும் மன்னன் கற்பனையோ என்ற ஐயம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியில் அவனுடைய நாணயங்கள் கிடைத்தபின் அவன் வாழ்ந்தது உறுதியாயிற்று. முதல் நூற்றாண்டில் மிளகுக்காக உரோமைக் கப்பல்கள் நம் கரைகளுக்கு வந்ததும் உறுதி. ஆகவே தோமையார் வந்திருக்க முடியும். ஆனால் 'வந்திருக்க முடியும்' என்பது வேறு. 'வந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டது' என்பது வேறு. மன்னனின் நாணயம் மன்னனுக்குச் சான்று, திருத்தூதருக்கு அன்று. பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும் தோமையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்று அதன் எழுத்தே காட்டுகின்றது. தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்துவந்த அம்மரபை நாம் மதிக்கிறோம். மரபு என்ற பெயராலேயே அதை மதிக்கிறோம்.

தோழிக்குச் சொன்ன விடை

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளில் அதே வேப்பமரத்தடியில் அத்தோழியிடம் பேசினோம். பிலாத்துவின் கடிதம் போலியானது என்றும், அறியாமல் சொல்லிவிட்டோம் என்றும் முதலில் கூறினோம். கடிதத்தைப் பற்றிச் சொன்னவளே அதை எடுத்துரைத்தாள். பிறகு மூன்று கட்டங்களையும் காட்டினோம். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தாள்.

"முதற் கட்டத்தை நானும் ஏற்கிறேன். மூன்றாவதை ஏற்க என்னால் முடியாது" என்றாள்.

"அதை ஏற்கும்படி சான்று காட்டி உன்னைக் கட்டாயப்படுத்த எங்களாலும் முடியாது. நாங்கள் ஏற்பது சான்றின் கட்டாயத்தால் அன்று" என்றோம்.

"அன்று நீங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது நம்பினேன். இன்று இது தெரியும், இது தெரியாது என்று சொல்கிறீர்கள். இதைத்தான் அதிகம் நம்புகிறேன்" என்று அவள் கூறியபோது எங்களுக்கு வெட்கமும் மகிழ்வும் ஒருங்கே உண்டாயின.

அன்புத் தோழியரே, நம் விசுவாசப் பிரமாணத்தில் கன்னி மரியாளைத் தவிர வேறொரு மனிதரின் பெயரும் வருகின்றது. அது ஒரு புனிதரின் பெயரன்று. உரோமை ஆளுநர் பிலாத்துவின் பெயர். நாம் விசுவசிப்பது எங்கோ என்றோ நடந்த கதையை அன்று. இன்ன நாட்டில் இன்ன ஆளுநர் காலத்தில் வாழ்ந்து இறந்த ஒருவரை என்பதற்கு அதுவே அடையாளம். ஆகையால் வரலாற்றின் கேள்விகளைக் கண்டு நாம் அஞ்சி ஓடலாகாது. அதே வேளையில் வரலாறு தர இயலாததை அதனிடம் தட்டிப் பறிக்கவும் கூடாது. தெரிந்ததைத் தெரிந்ததென்றும், ஐயமானதை ஐயமானதென்றும், விசுவசிப்பதை விசுவசிப்பதென்றும் கூறப் பழகுவோம். உண்மையின் ஆண்டவருக்குச் சாட்சி கூற நம் கற்பனையின் துணை தேவையில்லை.